ஊற்றிய தண்ணீரும் வெளியே வந்த தண்ணீரும்

காரைக்குடியில் இரண்டு நாற்காலிகள் கொண்ட சிறிய பல் மருத்துவமனை ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசும் ஊர் இது. வெளியூர் விருந்தாளிக்குக் காப்பி கொடுப்பதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறதென்று சொல்லும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அப்படிப்பட்ட ஊரில் என் மருத்துவமனைத் தண்ணீரைப் பற்றி ஒருவர் குறை சொன்ன நாளிலிருந்து பத்து மாத காலம் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரியில் இதைப் பற்றி அரைப் பக்கம் படித்திருப்பேன், தேர்வில் எழுதியும் இருப்பேன். ஆனால் தொழிலுக்கு வந்த பிறகு சக மருத்துவர்களோ, நாற்காலியை விற்றவரோ, பழுது பார்க்க வருபவரோ ஒருவர்கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

இந்த ஆண்டு பொங்கலுக்கு ஐந்து நாள் மருத்துவமனையைப் பூட்டியிருந்தோம். திறந்த அன்று முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். பற்களைச் சுத்தம் செய்துகொள்ள ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருபவர். பல்லில் படிந்த காரையை எடுக்கும் ஸ்கேலரை வைத்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். துப்பிவிட்டு, "டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க, தண்ணி கம்மாய்ப் பாசி வாடை அடிக்குது" என்றார். ஐந்து நாள் பூட்டிக் கிடந்ததல்லவா என்று சிரித்துச் சமாளித்துவிட்டு, புதிதாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வேலையை முடித்தேன். அவர் போன பிறகு, வாய்க்குள் தண்ணீரும் காற்றும் பீய்ச்சும் த்ரீ-வே சிரிஞ்சை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் அழுத்திப் பிடித்து முகர்ந்து பார்த்தேன். வாயிலும் ஒரு மடக்கு ஊற்றிப் பார்த்துத் துப்பினேன். மழைக்காலத்தில் வீட்டுக்குள் உலர்த்திய துணியை வாயில் வைத்தது போலிருந்தது. பதினோரு ஆண்டுகளில் என் நாற்காலித் தண்ணீரை நான் வாயில் வைத்துப் பார்த்தது அதுவே முதல் முறை என்பதை இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் முதல் நாற்காலியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதில் ஊற்றும் தண்ணீர், காற்றழுத்தத்தால் தள்ளப்பட்டு, மெல்லிய குழாய்கள் வழியாக, பல்லைக் குடையும் ஏரோட்டருக்கும் ஸ்கேலருக்கும் சிரிஞ்சுக்கும் போகும். பாட்டிலில் கேன் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தோம், ஆகவே என் சந்தேகம் முழுவதும் கேன்காரர் மேல் விழுந்தது. பாவம், அவரை மாற்றினேன். 650 ரூபாய் கொடுத்து டி.டி.எஸ். பேனா ஒன்றையும் வாங்கினேன். புதிய கேனில் விட்டுப் பார்த்தால் 38 என்று காட்டியது. எனக்கு ஒரே நிம்மதி. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளைத் தவிர வேறெதையும் அந்தப் பேனா சொல்லாது என்பதும், கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நீந்தினாலும் அதே 38ஐத்தான் காட்டும் என்பதும் பல் மருத்துவம் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆர்.ஓ. செய்த தண்ணீரில் குளோரின் எஞ்சியிருப்பதில்லை என்பதால், குழாய்க்குள் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அது இன்னும் வசதி என்பதையும் அப்போது நான் யோசிக்கவில்லை. இப்படியே மூன்று வாரம் போயிற்று. வாடை திங்கட்கிழமை காலைகளில் மட்டும் வருகிறது, மதியத்துக்குள் குறைந்துவிடுகிறது என்று என் உதவியாளர் அக்கா இரண்டு முறை சொன்னார். துப்பு அதில்தான் இருந்தது. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து, நாற்காலி பழுது பார்ப்பவரை மதுரையிலிருந்து வரவழைத்தேன். அவர் கம்ப்ரசரில் தேங்கியிருந்த தண்ணீரை வடித்து, ஒரு ஃபில்டரை மாற்றிவிட்டு, வழிச்செலவு உட்பட 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று 1,200 ரூபாய் கட்டி ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குத் தண்ணீர் அனுப்பினேன். நூறு மில்லிலிட்டரில் ஈ.கோலை இல்லை, கோலிஃபார்ம் இல்லை, குடிக்கத் தகுந்தது என்று அறிக்கை வந்தது. அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாமா என்றுகூட நினைத்தேன். அந்தப் பரிசோதனை, தண்ணீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. பல் மருத்துவக் குழாயில் வளர்பவை பெரும்பாலும் மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழும் வேறு இனங்கள். அவற்றைத் தேடாத பரிசோதனையில் அவை எப்படி அகப்படும்? அதைவிடப் பெரிய கூத்து, நான் பரிசோதனைக்கு அனுப்பியது பாட்டிலில் ஊற்றுகிற தண்ணீரை. நோயாளியின் வாயில் விழுகிற தண்ணீரை ஒருவரும் இன்னும் பார்க்கவே இல்லை.

பிப்ரவரிக் கடைசியில் சிரிஞ்சின் குழாய் கசிந்து, பழுது பார்ப்பவர் மீண்டும் வந்து அதை மாற்றினார். பழைய குழாயில் ஒரு சாண் துண்டு தட்டில் கிடந்தது. ஏதோ தோன்றி, 15ஆம் எண் பிளேடை எடுத்து அதை நெடுக்காகக் கீறி விரித்தேன். வெளியே பால்போல் வெள்ளையாக இருந்த அந்தக் குழாயின் உட்சுவர் முழுவதும் வெளிர் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருந்தது. கழுவாமல் விட்ட மண்பானையின் அடியில் பிடித்திருக்குமே, அந்த வழுவழுப்பு. பல்லைச் சோதிக்கும் கம்பி முனையால் சுரண்டியபோது அது பொடியாக உதிரவில்லை, நூலாக இழுபட்டு முனையோடு வந்தது. கையுறை போட்டிருந்தும் விரலைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். அந்தத் துண்டைப் பார்த்த அக்கா, "மேடம், இதுக்குள்ள வந்த தண்ணியவா அத்தனை பேரு வாயிலயும் அடிச்சோம்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் குழாய்களின் உள்விட்டம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர்தான். உள்ளே இருக்கும் தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டால், அது தொட்டுக்கொண்டிருக்கும் சுவரின் பரப்பு மிக அதிகம். ஆற்றின் நடுவே நீர் ஓடக் கரையோரம் தேங்கி நிற்பது போல, குழாயின் நடுவில் வேகமாகப் போகும் தண்ணீர் சுவரை ஒட்டி அசைவதே இல்லை. அதுவும் நாம் மிதியை அழுத்தும் சில நொடிகள்தான் ஓட்டம். மற்ற நேரமெல்லாம், இரவும் ஞாயிறும் பண்டிகையும் சேர்த்து, அறை வெப்பத்தில் தேக்கம். சுவரில் ஒட்டிய பாக்டீரியாக்கள் பிசின் போன்ற ஒன்றைச் சுரந்து தங்களை மூடிக்கொண்டு அடுக்கடுக்காக வளர்கின்றன. இதைத்தான் பயோஃபிலிம் என்கிறார்கள். புத்தம் புதிய நாற்காலியிலேயே, எதுவும் செய்யாமல் விட்டால், ஐந்தே நாளில் பாக்டீரியா எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு லட்சத்தை எட்டக்கூடும். இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை: பிளேக் என்பவர் 1963லேயே பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் எழுதிவிட்டார். அதன் பிறகு ஐம்பது ஆண்டுகள் கழித்து மருத்துவமனை திறந்த நான், கருவிகளை, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டு எடுத்தாலே எல்லாம் முடிந்தது என்று இருந்தேன். ஏரோட்டரை எத்தனை முறை ஆட்டோகிளேவில் போட்டாலும், அதன் பின்னால் நாற்காலியோடு நிரந்தரமாக இருக்கும் குழாய் ஆட்டோகிளேவுக்குள் போவதில்லை.

மதுரையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் இருக்கும் என் வகுப்புத் தோழியை அழைத்தேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "உள்ள போற தண்ணிய எதுக்குடி டெஸ்ட் பண்ணினே, வெளிய வர்ற தண்ணியப் பாரு" என்றாள். பணம் செலவழிப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய வாக்கியம் அது. மாதிரி எடுக்கும் முறையையும் அவளே சொன்னாள். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை, முதல் நோயாளிக்கு முன்பு, ஏரோட்டரைக் கழற்றிவிட்டுக் குழாய் முனையிலிருந்தே எடுக்க வேண்டும். ஏரோட்டர், ஸ்கேலர், சிரிஞ்ச் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாட்டில். தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால், அதை முறிக்கச் சோடியம் தயோசல்ஃபேட் போட்ட பாட்டில் வேண்டும். இல்லையென்றால் பாட்டிலுக்குள்ளேயே பாக்டீரியா செத்துப்போய், பொய்யாக நல்ல முடிவு வரும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். பாக்டீரியாவை வளர்ப்பதற்கான, சத்துக் குறைந்த ஆர்2ஏ ஊடகத்தில், அறை வெப்பத்துக்குப் பக்கத்தில், ஏழு நாள் வைத்து எண்ண வேண்டும். மனித உடல் வெப்பத்தில் ஒரே நாள் வைத்து எண்ணினால் இவற்றில் பல முளைக்கவே முளைக்காது. உங்கள் ஊர்ப் பரிசோதனைக் கூடத்தில் இந்த விவரங்களைக் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். நான் தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரைப் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது நடத்துநர், "பெட்டில மீனாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்ல?

இரண்டு நாற்காலிகளிலிருந்தும் சேர்த்து ஆறு மாதிரிகள், ஒன்றுக்கு 600 ரூபாய். எட்டாம் நாள் தோழி தொலைபேசியில் வாசித்தாள். முதல் நாற்காலியில் மாற்றப்பட்ட புதிய சிரிஞ்ச் குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 2,100 பாக்டீரியாக்கள். அதே நாற்காலியின் ஏரோட்டர் குழாயில் 1,40,000. ஸ்கேலரில் அதற்கும் மேல், எண்ண முடியவில்லை. மேல்தொட்டித் தண்ணீரோடு நேரடியாக இணைக்கப்பட்டிருந்த பழைய இரண்டாவது நாற்காலியின் மூன்றிலும் அறுபதாயிரத்திலிருந்து தொண்ணூறாயிரம் வரை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சாதாரணப் பல் சிகிச்சைக்கான தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500க்கு மேல் இருக்கக் கூடாது. நான் கேட்டுக்கொண்டே ரசீதின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு சுழியத்தை அதிகமாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடியும் வாசிக்கச் சொன்னேன்.

அன்று இரவு தூக்கமில்லை. ஆரோக்கியமான ஒருவருக்கு இந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது என்பது உண்மைதான், ஆனால் என்னிடம் வருபவர்கள் எல்லோரும் ஆரோக்கியமானவர்களா? பாதிப் பேருக்குச் சர்க்கரை. 2011இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் நீரில் வாழும் லீஜனெல்லா என்ற கிருமியால் வந்த நிமோனியாவில் இறந்தபோது, அவர் உடலில் இருந்த அதே வகைக் கிருமி பல் மருத்துவரின் நாற்காலிக் குழாயிலும் இருந்ததை மறு ஆண்டு லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. அதைவிட என்னை உலுக்கியது குழந்தைகள் விஷயம். பால்பல்லின் உள்ளே இருக்கும் கூழை ஓரளவு நீக்கிப் பல்லைக் காப்பாற்றும் பல்பாட்டமி சிகிச்சையை நான் மாதத்துக்கு ஏழெட்டு செய்வேன். 2015இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அந்தச் சிகிச்சைக்குக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்திய ஒரு குழந்தைகள் பல் மருத்துவமனையில், ஏறத்தாழ இருபது குழந்தைகளுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி தொற்றியது. அங்கே ஏழு நாற்காலிகளிலும் எடுத்த தண்ணீரின் சராசரி எண்ணிக்கை 90,000க்கு மேல். என் இரண்டாவது நாற்காலியின் கணக்கும் கிட்டத்தட்ட அதுவே. மறு ஆண்டு கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் இதே போல் 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவான இது, சிகிச்சை முடிந்து வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் தாடையில் வீக்கமாகவோ கழுத்தில் கட்டியாகவோ வெளிப்படும். வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாது. பல குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, நிரந்தரப் பற்களையும் தாடை எலும்பின் பகுதிகளையும் எடுக்க வேண்டி வந்தது. கலிஃபோர்னியாவில் அதன் பிறகு இதற்கென்றே சட்டம் போட்டார்கள்: பற்கூழ் வெளிப்படும் சிகிச்சைகளில், கிருமி நீக்கிய தண்ணீரையோ கிருமிநாசினிப் பண்புள்ள கரைசலையோதான் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைவாய் ஞானப்பல்லை எலும்பைக் குடைந்து எடுக்கும்போது, நான் மிகவும் கவனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டிலைத் திறந்து நாற்காலிப் பாட்டிலில் ஊற்றி வந்தேன். ஊற்றும்போது கிருமியற்றதாக இருந்தது, அந்தப் படலத்தின் மேல் ஓடி வெளியே வரும்போது லட்சக்கணக்கில் ஏற்றிக்கொண்டு வந்து திறந்த எலும்பின் மேல் விழுந்திருக்கிறது. போதாதற்கு, அதிலிருந்த உப்பு உலோகப் பகுதிகளையும் அரித்திருக்கிறது. அறுவை சிகிச்சை என்றால் சலைன், கிருமி நீக்கிய சிரிஞ்சிலிருந்து உதவியாளரின் கையால் வர வேண்டும், அல்லது ஒருமுறை பயன்படுத்தி எறியும் தனிக் குழாய் உள்ள அறுவை மோட்டாரிலிருந்து வர வேண்டும். நாற்காலிக் குழாய் வழியாக வரும் எந்தத் தண்ணீரும் கிருமியற்ற தண்ணீர் ஆகாது.

பயம் வந்தால் புத்தி வேலை செய்யாது என்பதற்கு அடுத்த இரண்டு நாட்களே சாட்சி. வேர் சிகிச்சைக்கு வைத்திருந்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை, நீர் கலக்காமல் அப்படியே பாட்டிலில் ஊற்றிக் குழாய்களில் ஓடவிட்டு, கருவிகளைக் கழற்றக்கூட இல்லாமல் இரவு முழுக்க விட்டேன். காலையில் மிதியை அழுத்தினால் தண்ணீர் வரவில்லை. படலம் பாளம் பாளமாகப் பெயர்ந்து ஸ்கேலரின் நுண்துளையை அடைத்திருந்தது. ஏரோட்டரின் உட்பகுதிகள் கறுத்து அரித்து, ரப்பர் வளையங்கள் உப்பியிருந்தன. ஏரோட்டர் போனது 9,800 ரூபாய். ஸ்கேலரைச் சரி செய்ய 4,200. அதற்குப் பிறகுதான் நாற்காலியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. எந்தக் கிருமிநாசினியைக் குழாய் தாங்கும், எந்த அளவில், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் ஒரு முழுப் பக்கத்துக்கு அச்சிடப்பட்டிருந்தது.

அந்தப் பக்கத்தின்படி, பல் நாற்காலிக் குழாய்களுக்கென்றே விற்கும் வெள்ளி சேர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை வாங்கினேன். ஏரோட்டர், ஸ்கேலர் போன்ற எல்லா ஹேண்ட்பீஸ்களையும் கழற்றிவிட்டு, அதிக அளவில் கலந்து குழாய்களை நிரப்பி, சொன்ன நேரம் மட்டும் ஊறவிட்டு, பிறகு சுத்தமான தண்ணீரால் நன்றாக அலசினேன். முதல் முறை ஒரு வெள்ளைத் துணியைக் குழாய் முனையில் பிடித்தபோது பழுப்புச் செதில்கள் வந்து விழுந்தன. மூன்று நாள் இடைவெளியில் மூன்று முறை செய்து மறுபடியும் பரிசோதித்தால், சிரிஞ்சில் 80, ஏரோட்டரில் 3,900. பல ஆண்டுகள் ஊறிப்போன பழைய குழாயை மருந்தால் மட்டும் மீட்க முயன்றது என் கஞ்சத்தனம். கடைசியில் முதல் நாற்காலியின் குழாய்கள் முழுவதையும் 18,500 ரூபாய் செலவில் மாற்றினேன், இரண்டாவது நாற்காலியை மேல்தொட்டியிலிருந்து துண்டித்து 7,400 ரூபாயில் தனிப் பாட்டில் பொருத்தினேன். ஹேண்ட்பீஸ் நிற்கும்போது வாயிலுள்ள எச்சிலைக் குழாய்க்குள் இழுத்துவிடாமல் தடுக்கும் வால்வுகளையும் அப்போதே சோதிக்கச் சொன்னேன். இரண்டாவது நாற்காலியில் அது எப்போதோ பழுதாகியிருந்தது. ஆனால் குழாயைப் புதிதாக்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் அந்த மருத்துவமனை நீரமைப்பையே புதிதாக மாற்றிய பிறகும் மீண்டும் கிருமி காணப்பட்டு, இரண்டாம் முறையாக மூடப்பட்டது.

இப்போது எங்கள் நடைமுறை இதுதான். மாலையில் வேலை முடிந்ததும் பாட்டிலைக் காலி செய்து, குழாய்களில் காற்றை மட்டும் ஓடவிட்டு உலர்த்தி, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறோம். முன்பெல்லாம் மீதியிருக்கும் தண்ணீரின் மேலேயே புதிதை ஊற்றுவோம். பாட்டிலுக்குள் தொங்கும் உறிஞ்சு குழாயை வெறுங்கையால் பிடித்துத்தான் பாட்டிலைத் திருகுவோம். அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை, நான் அப்படித்தான் காட்டிக்கொடுத்திருந்தேன். காலையில் புதிய தண்ணீரில் குறைந்த அளவு கிருமிநாசினி கலந்து, ஒவ்வொரு குழாயையும் இரண்டு நிமிடம் ஓடவிடுகிறோம். ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் 20 முதல் 30 நொடி ஓடவிடுகிறோம். இது முந்தையவரின் எச்சிலோ இரத்தமோ உள்ளே தங்கியிருந்தால் வெளியேற்றுவதற்காக. இப்படி ஓடவிடுவதே போதும் என்று நினைக்கும் மருத்துவர்களை எனக்குத் தெரியும். மிதக்கும் எண்ணிக்கை சற்று நேரம் குறையும், சுவரில் இருப்பது அப்படியே இருக்கும். திங்கட்கிழமை வாடை மதியத்துக்குள் காணாமல் போனதன் ரகசியமும் அதுதான். வாய் கொப்பளிக்கும் தண்ணீரை வெதுவெதுப்பாக்கும் சூடேற்றியையும் அணைத்துவிட்டேன். அந்த வெப்பம் நோயாளிக்கு இதமோ இல்லையோ, கிருமிக்கு மிக இதம். மாதம் ஒருமுறை அதிக அளவு மருந்து. முதல் மூன்று மாதம் மாதாமாதம் பரிசோதனை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

நோயாளிகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. சொன்னால் ஊருக்குள் பேர் கெட்டுவிடும் என்றார் என் கணவர். அவர் பயந்ததில் தவறில்லை. ஆனாலும் முந்தைய ஆறு மாதத்தில் பல்பாட்டமி செய்த குழந்தைகளின் பெற்றோரையும், ஞானப்பல் எடுத்தவர்களையும் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தேன். ஐம்பத்தாறு அழைப்புகள், நான்கு மாலைகள். பெரும்பாலானோர், "சரிங்க டாக்டர், பார்த்துக்கிறோம்" என்று வைத்துவிட்டார்கள். ஒரு குழந்தையின் தாய், "இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதார். நேரில் வரச் சொல்லிப் பார்த்தேன், குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அழைத்தவர்களில் யாருக்கும் இதுவரை சந்தேகப்படும்படி எதுவும் வரவில்லை. அந்தத் தாயும் குழந்தையும் அதன் பிறகு என்னிடம் வருவதில்லை. அது அவர்கள் உரிமை.

இதை வாசிப்பவர் மருத்துவராக இல்லாமல் நோயாளியாக இருந்தால், நாற்காலியில் சாய்வதற்கு முன் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: கருவியில் வரும் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், அறுவை சிகிச்சைக்கு எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்கள். கோபப்படுகிற மருத்துவரும் வீட்டுக்குப் போய் யோசிப்பார், நான் யோசித்தது போல. சர்க்கரை, புற்றுநோய்ச் சிகிச்சை, உறுப்பு மாற்று, நாட்பட்ட நுரையீரல் நோய் இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குப் பல் சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தாடையிலோ கழுத்திலோ வீக்கம் தோன்றி, மாத்திரைக்கு அடங்காமல் இருந்தால், காட்டப்போகும் மருத்துவரிடம் பல் சிகிச்சை செய்ததை மறக்காமல் சொல்லுங்கள். இடைவெளி அதிகம் என்பதால், இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் எளிதில் தோன்றாது. தண்ணீர் வாடை அடித்தால் தமிழாசிரியரைப் போலக் கையை உயர்த்துங்கள். ஆனால் வாடையே இல்லாத தண்ணீரிலும் எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம்.

செலவுக் கணக்கைப் பார்த்தால், பரிசோதனைகளுக்கும் மருந்துக்கும் ஆனதையும் சேர்த்து ரொக்கமாகக் கையை விட்டுப் போனது 58,650 ரூபாய். மருத்துவமனையைப் பூட்டி வைத்த பதினொரு வேலை நாட்களுக்கு, நாளொன்றுக்கு எட்டாயிரம் என்று வைத்தாலும் 88,000. இதில் டி.டி.எஸ். பேனா, ஃபில்டர், தவறான பரிசோதனை, நானே கெடுத்த ஏரோட்டர், ஸ்கேலர் ஆகியவற்றுக்கான 19,350 ரூபாய் முழுக்க முழுக்க என் அறியாமைக்குக் கட்டிய தண்டம். தொடக்கத்திலேயே குழாய் முனையிலிருந்து ஒரு மாதிரி எடுத்திருந்தால் 600 ரூபாயில் உண்மை தெரிந்திருக்கும்.

ஜூலைப் பரிசோதனையில் ஆறு முனைகளும் நூறுக்குள் வந்தன. தோழிக்குக் காரைக்குடி முறுக்கு ஒரு டப்பா அனுப்பி வைத்தேன். தீபாவளிக்கு நான்கு நாள் விடுமுறை விட்டபோது, இரண்டாவது நாற்காலியின் குழாய்களைக் காற்றால் உலர்த்தாமலே பூட்டிவிட்டோம். நானும் அக்காவும் ஆளுக்கு ஆள் மற்றவர் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். திறந்த அன்று எடுத்த மாதிரியில் அதன் ஸ்கேலர் குழாய் 620 காட்டியது. மருந்து ஊறவிட்டு மறுபடியும் மாதிரி அனுப்பியிருக்கிறேன், முடிவு வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதுவரை அந்த நாற்காலியின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி வைத்திருக்கிறோம். நேற்றுப் பல் காட்ட வந்த தமிழாசிரியர், முதல் நாற்காலியில் உட்கார்ந்து வாய் கொப்பளித்துவிட்டு, அந்தத் துணியைப் பார்த்து, "அதுக்கு என்ன டாக்டரம்மா?" என்று கேட்டார். சொன்னேன்.